விவாத இழை: சிறுவர் மாயக்கதையில் கொடிய தேவதைகள் – பயம் எங்கிருந்து வரணும்?

நிலவறை:
9 முதல் 12 வயது வாசகர்களுக்கான மாயக்கதை. களம் ஸ்காட்லாந்தின் தென் எல்லைப்புறக் கிராமம். 11 வயது அக்கா, 4 வயதுத் தம்பி. தம்பியைத் தேவதைகள் தூக்கிக்கொண்டுபோய், அவன் இடத்தில் மாற்றுக்குழந்தையை, அதாவது அவனைப் போலவே தெரியும் தங்கள் பிறவி ஒன்றை, விட்டுவிடுகிறார்கள். அக்கா போய் மீட்கிறாள். 18 அத்தியாயம் என்பது கணக்கு. கதைப்போக்கு சரியாக அமைந்துவிட்டது, தேவதைகளின் ராணிதான் பயமுறுத்தவே மாட்டேன் என்கிறாள். கறுப்புச் சிறகு, சிவந்த கண், நீள நகம், வந்தாலே இடி மின்னல், எல்லாம் கொடுத்தாயிற்று.

கேட்க வேண்டியவை: பயத்தை எதில் வைப்பது? இரும்பு, உப்பு மாதிரி காப்புகளை எவ்வளவு பயன்படுத்தலாம்? மாற்றுக்குழந்தையைக் கடைசியில் என்ன செய்வது? இந்த வயதுக்கு எவ்வளவு பயங்கரம் தாங்கும்?

ஆந்தைவிழி:
முதல்ல சிறகையும் நகத்தையும் வெட்டுங்க. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் கதைகள்ல தேவதைக்குச் சிறகு கிடையாது. அது பிற்காலத்துல ஓவியர்களும் நாடக மேடையும் ஒட்டிவிட்டது. பல கதைகள்ல அவங்க மனுஷ உயரம், மனுஷ உடை. சந்தையில பக்கத்துல நின்னாக்கூட அடையாளம் தெரியாது. அபெர்ஃபாயில் ஊர்ப் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1691 வாக்குல எழுதின கையெழுத்துப் படியில, தேவதைகள் மனுஷனுக்கும் வானதூதருக்கும் நடுவுல உள்ள இனம். தீமை பண்ணியே தீரணும்னு கங்கணம் கட்டினவங்க இல்லை. ஒரு குழந்தை தேவைப்படுது, எடுத்துக்கறாங்க. அவ்வளவுதான்.

பயம் அந்த "அவ்வளவுதான்"ல இருக்கு. சிவந்த கண்ணோட ஒருத்தி வந்து நின்னா, படிக்கிற பிள்ளை "இவ கெட்டவ"ன்னு முடிவு பண்ணி நிம்மதியா சாய்ஞ்சு உட்கார்ந்துடும். மரியாதையாப் பேசுற, பொய்யே சொல்லாத, அந்தத் தம்பி மேல நிஜமாவே ஆசை வெச்சிருக்கிற ராணி வந்தா அப்படி முடிவு பண்ண முடியாது. அவ தம்பியை அடிக்கக் கூடாது, அடைச்சு வைக்கக் கூடாது. தலை வாரிவிடணும், மடியில உட்கார வெச்சுக் கதை சொல்லணும். அக்கா அங்க போய் நிக்கிறப்ப தம்பி "நான் வரல"ன்னு சொல்லணும். உங்க நாவல்ல இதைவிட பயங்கரமான வரி வேற வர வாய்ப்பில்லை.

முள்வேலி:
ஆந்தைவிழி சொல்வதில் பாதி சரி. ஆனால் முழுக்க முழுக்க அழகாக, சாதாரணமாகக் காட்டினால் வெறும் பணக்கார அத்தை மாதிரி ஆகிவிடுவாள். ஒரே ஒரு பிசகு தேவை. நாட்டார் மரபே இதைச் செய்து வைத்திருக்கிறது: ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளாஸ்டிக் என்பவள் பச்சைப் பாவாடைக்குள் ஆட்டுக்காலை மறைத்துவைத்திருப்பாள். கெல்பி என்ற நீர்க்குதிரை இளைஞனாக உருமாறி வந்தாலும் தலைமுடியில் நீர்ப்பாசி சிக்கியிருக்கும். அழகான ஆள், தலையில் ஈரப்பாசி. விவரணை அந்த அளவில் நிற்க வேண்டும்.

அந்தப் பிசகை முதல் சந்திப்பிலேயே காட்டாதீர்கள். முதல் முறை வாசகருக்கு மட்டும் போகிறபோக்கில் ஒரு வரி. இரண்டாம் முறை தம்பி எதையோ கேட்க, ராணி பேச்சை மாற்றிவிடுகிறாள். மூன்றாம் முறை அக்கா கண்ணால் பார்க்கிறாள். வர்ணனையை நீட்டுவதால்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. அரைப் பக்கம் வர்ணித்தால் பயம் போய்ப் படம் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று. 18 அத்தியாயத்தில் ராணி நேரில் வருவது நான்கைந்து காட்சி போதும். முதல் வருகை ஆறாம் அத்தியாயத்துக்கு முன்னால் வேண்டாம். அதுவரை மற்றவர்கள் அவளுக்காக என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள்: கிழவி வாசலில் பால் வைக்கிறாள், உழவர் ஒற்றை முள்மரத்தைச் சுற்றி ஏரைத் திருப்புகிறார், யாரும் ஏன் என்று சொல்வதில்லை. இது பழங்காலச் சங்கதி மட்டும் இல்லை. 1999இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், லட்டூன் என்ற இடத்தில் நின்ற ஒரு முள்மரத்தைத் தேவதைகளுடையது என்று மக்கள் காக்கக் கிளம்ப, நெடுஞ்சாலைத் திட்டத்தையே திருத்தி மரத்தை விட்டுவைத்தார்கள்.

கரும்பலகை:
காப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். இரும்பு, உப்பு, ரோவன் மரக்குச்சி, சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது, ஓடும் தண்ணீரைத் தாண்டுவது, தேவாலய மணியோசை, அங்கே எதையும் சாப்பிடாமல் இருப்பது, பெயரைச் சொல்லாமல் இருப்பது... மரபில் டஜன் கணக்கில் கிடக்கிறது. எல்லாவற்றையும் அள்ளிப்போட்டால் ராணி பூச்சாண்டி ஆகிவிடுவாள். மூன்றே மூன்று எடுங்கள். மூன்றும் ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வாசகர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு விதிக்கும் மூன்று வருகை கொடுங்கள். முதலில் அர்த்தம் தெரியாத ஊர் வழக்கமாக. அடுத்து, அதை மீறிய யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வதாக. கடைசியில் அக்கா அதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதாக. பலர் நடுப்படியை விட்டுவிடுகிறார்கள். விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்க்காத வாசகருக்கு, உச்சக்கட்டத்தில் அக்கா விதியோடு விளையாடும்போது எதுவும் பணயத்தில் இருப்பதாகத் தோன்றாது.

இரும்பை ஆயுதமாக்காதீர்கள். ஆணியைக் காட்டினேன், தேவதை அலறி ஓடியது என்று ஒரு தடவை எழுதிவிட்டால், பிறகு ஒவ்வொரு காட்சியிலும் "ஏன் ஆணியை எடுக்கவில்லை?" என்று ஒன்பது வயசு வாசகன் கேட்பான், கேட்டே தீருவான். மரபில் இரும்பின் வேலை பெரும்பாலும் தடுப்பது: தொட்டிலின் மேல் விரித்துவைத்த கத்தரிக்கோல், கதவில் லாடம். ஐலே தீவில் வழங்கிய கொல்லன் கதையில் ஒரு அருமையான பயன்பாடு உண்டு. மகனைத் தேவதைக் குன்றுக்குள் கொண்டுபோய்விடுகிறார்கள். குன்று திறக்கும் இரவில் அப்பா போய், வாசற்படியில் குத்துவாளைச் செருகிவைக்கிறார். இரும்பு இருக்கும்வரை கதவு மூடாது. அதாவது, உள்ளே போகும்போது ஆயுதம் கையில் இருக்காது. வெளியே வர வழி வேண்டுமானால் அதை வாசலில் விட்டுவிட்டுத்தான் போகணும். ஒரு கத்திக்குள் எவ்வளவு பெரிய இக்கட்டு பாருங்கள். உங்கள் அக்காவுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு வையுங்கள்.

செம்பருத்தி:
ராணி பொய் சொல்ல மாட்டாள் என்று வைத்தால் பேரம்தான் கதையின் முதுகெலும்பு. பேரத்தின் ஓட்டை, அது எழுதப்படும் மொழியிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலக் கதைகளின் சொல் விளையாட்டை இங்கே கொண்டுவந்தால் பல்லிளிக்கும். தமிழில் நமக்கே கையிருப்பு ஏராளம்.

"நாங்கள் யாரும் அவனைத் தொட மாட்டோம்" என்று ராணி சத்தியம் செய்கிறாள். அக்கா ஏமாந்து, "சரி, நாம் யாரும் தொடக் கூடாது, அதுதானே?" என்று திருப்பிச் சொல்லிவிடுகிறாள். இப்போது அவளும் தம்பியைத் தொட முடியாது! வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயே இருக்கும். ஏமாற்று வேலை இல்லை. எழுவாயை விழுங்கிப் பேசுவதும் அப்படித்தான்: "விடிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறேன்." யாருடைய வீடு? எந்த ஊரின் விடியல்? "பாட்டு முடியும் வரை இருந்துவிட்டுப் போங்கள்" என்றால், அந்தப் பாட்டு முடிகிற பாட்டா?

ஒரு பேரத்தில் ஒரு ஓட்டைதான். இரண்டு வைத்தால் வழக்கறிஞர் வாதமாகிவிடும், பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். பேரம் பேசும் காட்சியில் நிபந்தனை வாக்கியத்தைத் தனிப் பத்தியாக, அப்படியே திரும்பச் சொல்லக்கூடிய நீளத்தில், பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் வையுங்கள். பிறகு எங்கே குறிப்பிட்டாலும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பிழைதிருத்தும்போது யாராவது "அழகாக்கி" வைத்தால் ஓட்டையே அடைபட்டுப்போகும், ஜாக்கிரதை.

மரியாதை விகுதியையும் விட்டுவிடாதீர்கள். ராணி 11 வயசுப் பெண்ணை "நீங்கள்", "வாருங்கள்" என்றே பேசட்டும். ஊரில் எல்லோரும் "ஏய், வாடி" என்கிற பெண்ணுக்கு அந்த மரியாதை இனிக்கும். பேரம் முடிந்த அடுத்த நொடி "நீ". விளக்கமே வேண்டாம், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

நிலவறை:
@செம்பருத்தி நாம்/நாங்கள் விஷயம் பிரமாதம். ஆனால் தம்பி வாயில் பேச்சுத்தமிழ், ராணி வாயில் செந்தமிழ் என்றால் புராணப் பட வசனம் மாதிரி ஆகிவிடாதா?

செம்பருத்தி:
செந்தமிழ் என்றால் "யாம் வந்தோம்" இல்லைங்க. இலக்கணம் பிசகாத, சுருக்கமான எழுத்துத்தமிழ். உவமை வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம், சிரிப்பொலி அறவே வேண்டாம். "ஹா ஹா" என்று சிரித்த மாத்திரத்தில் வில்லி செத்தாள்.

வெண்கலம்:
மாற்றுக்குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில்தான் கை சுடும்.

பழைய கதைகளில் மாற்றுக்குழந்தை என்று குறித்தவை என்னென்ன என்று பாருங்கள்: வளராத குழந்தை, பேசாத குழந்தை, ஓயாமல் அழும் குழந்தை, திடீரென்று நோயில் சுருங்கிப்போன குழந்தை. இயலாமையோ நோயோ உள்ள பிள்ளைகளைப் பற்றிய நம்பிக்கை இது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதற்குச் சொன்ன "பரிகாரங்கள்" நெருப்பில் காட்டுவது, இரவில் வெளியே போட்டுவிடுவது, நச்சுச்செடியான ஃபாக்ஸ்கிளவ் கொடுப்பது. பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை, இது என் மனைவி இல்லை, தேவதைகள் மாற்றிவைத்தது என்று சொல்லிக் கணவனே எரித்தான். ஆணவக் குற்றமாகத்தான் (கொலையாகாத மரணமாக) தீர்ப்பானது. 15 ஆண்டு சிறையில் இருந்தான்.

ஆகவே மாற்றுக்குழந்தையை நெருப்பில் போட்டுத் தம்பியை மீட்பது என்ற பழைய முடிவு உங்கள் கதையில் வரவே கூடாது. வகுப்பில் பேச்சு வராத பிள்ளை ஒன்று இதைப் படிக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேறு வழி மரபிலேயே இருக்கிறது. முட்டை ஓட்டு உத்தி: மாற்றுக்குழந்தை பார்க்கும்படி முட்டை ஓடுகளில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது. ஓக் மரத்தைவிட வயசான அந்தப் பிறவி, தன்னை மறந்து "இத்தனை காலத்தில் முட்டை ஓட்டில் சமைத்துப் பார்த்ததே இல்லை" என்று வாய்விட்டுவிடும். வன்முறை இல்லை, சிரிப்பு உண்டு, முதுகும் சில்லிடும். ஐந்து அல்லது ஆறாம் அத்தியாயத்துக்குக் கச்சிதம்.

அதற்குப் பிறகு அதை விரட்டாமல், அக்காவோடு பேசவைத்தால்? அதையும் யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள் அல்லவா?

முள்வேலி:
வெண்கலம், தீர்ப்பு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். "ஆணவக் குற்றம்" என்ற சொல் வேறு பொருள் தரும். திட்டமிடாத கொலை என்று தீர்ப்பானது என்றால் போதும். மற்றபடி முழு உடன்பாடு. ஒரு எச்சரிக்கை: மாற்றுக்குழந்தை ரொம்பப் பாவமாக ஆகிவிட்டால், வாசகர் தம்பியை மறந்துவிடுவார். அதற்கும் ஏதாவது ஒரு கெட்ட குணம் கொடுங்கள். திருடித் தின்னட்டும், பூனை வாலை இழுக்கட்டும்.

சுண்டெலி:
எவ்வளவு பயங்கரம் தாங்கும்? நடந்ததைக் காட்டாதீங்க, மிச்சத்தைக் காட்டுங்க. நீர்க்குதிரைக் கதையே பாடம். பிள்ளைங்க ஒவ்வொருத்தரா ஏறஏற குதிரையோட முதுகு நீண்டுக்கிட்டே போகும். ஒரு பையன் மட்டும் சந்தேகப்பட்டு ஒரு விரலால தொடுவான், விரல் ஒட்டிக்கும். விரலை வெட்டிக்கிட்டுத் தப்பிப்பான். மத்தவங்களை ஏத்திக்கிட்டு குதிரை ஏரிக்குள்ள இறங்கிடும். சில வடிவங்கள்ல மறுநாள் கரையில ஈரல் மட்டும் ஒதுங்கும். கொலை எங்கயுமே காட்டப்படலை பாருங்க. 9–12க்கு நீண்டுக்கிட்டே போற முதுகு தாராளமா ஓகே. விரல் வெட்டுறது ஒரு வரின்னா ஓகே. ஈரலை 12க்கு மேல வெச்சுக்கலாம்.

தண்ணியோரப் பூதங்களுக்கு ஒரு காரியமும் உண்டு. இங்கிலாந்துல, லங்காஷயர்ல ஜென்னி கிரீன்டீத், டீஸ் ஆத்துல பெக் பவுலர், ரெண்டுமே பிள்ளைகளைக் குளம், ஆறு பக்கம் போகாம தடுக்க பெரியவங்க சொன்னது. பச்சைப் பாசி மூடின குளம் தரை மாதிரி தெரியும், கால் வெச்சா உள்ள போயிடும். அந்தப் பாசிதான் ஜென்னி. உங்க தேவதைகளுக்கும் இப்படி நிஜமான ஒரு ஆபத்தான இடத்தைக் கொடுங்க. "மாய உலகம்"னு பொதுவா எழுதின அத்தியாயம்தான் எப்பவும் தொய்யும்.

கண்டிப்பா தவிர்க்க வேண்டியது: வளர்ப்பு நாய் சாகுறது (தேவையில்லாம), அம்மாவே ராணிதான்னு கடைசியில திருப்பறது, அத்தியாயம் 9ல வர்ற பயத்தை 10ஆம் அத்தியாயம் முதல் வரியிலயே "அது வெறும் காத்து"ன்னு கலைக்கிறது. கடைசியா சொன்னதை ரெண்டு தடவை செஞ்சா மூணாவது தடவை யாரும் பயப்பட மாட்டாங்க.

நிலவறை:
நன்றி எல்லோருக்கும். சிறகு போச்சு, இடி மின்னல் போச்சு. இரும்பு, பெயர், சாப்பாடு என்று மூன்று விதி வைத்துக்கொள்கிறேன். மீட்பு எப்படி? ராணியைச் சண்டையில் வெல்வதாக எழுதியது பொருந்தவில்லை இப்போது. அங்கே கழியும் காலத்துக்கும் என்ன கணக்கு வைப்பது?

கரும்பலகை:
எல்லைப்புறம் என்றீர்களே, டாம் லின் கதைப்பாடல் உங்கள் களத்திலேயே, செல்கர்க் பக்கம் கார்ட்டர்ஹா காட்டில் நடக்கிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை தேவதைகள் நரகத்துக்கு ஒரு உயிரைக் கப்பம் கட்டணும். இந்த முறை தன்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று, அவர்களிடம் சிக்கியிருக்கும் டாம் லின் அஞ்சுகிறான். ஹாலோவீன் இரவில் தேவதைகள் குதிரையேறிப் போகும்போது, அவன் காதலி ஜேனட் அவனைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். அவன் கைக்குள்ளேயே பாம்பாக, கரடியாக, பழுக்கக் காய்ந்த இரும்பாக மாறுகிறான் (பாடலுக்குப் பாடல் உரு மாறும்). விடவே கூடாது. அவள் செய்வது அவ்வளவுதான்: விடாமல் இருப்பது. 11 வயசுப் பெண் செய்யக்கூடிய காரியம் இது. வாள் சண்டை இல்லை, மந்திரம் இல்லை.

அப்படியே எடுத்தால் தழுவல் ஆகிவிடும், ஆகவே உருமாற்றத்தை உங்கள் கதையிலிருந்து எடுங்கள். பாம்பும் கரடியும் எதற்கு? தம்பி அக்காவின் கைக்குள் அவளுக்கு எது சகிக்காதோ அதுவாக மாறட்டும். மூன்று உரு போதும். கடைசி உரு விலங்காக இருக்கக் கூடாது. அழுதுகொண்டு "வலிக்குது, விடு" என்கிற தம்பியாகவே இருக்கட்டும். செம்பருத்தி சொன்ன "தொடக் கூடாது" நிபந்தனை இங்கே நேராக மோதும் பாருங்கள். அதை எப்படி அவிழ்ப்பது என்பதுதான் உங்கள் 16ஆம் அத்தியாயம்.

நாள்கணக்குக்கு கிர்க்கே உதவுவார்: ஆண்டின் ஒவ்வொரு காலாண்டுத் தொடக்கத்திலும் தேவதைகள் குடிபெயர்வார்கள் என்று எழுதியிருக்கிறார். வழியில் பிடிக்க வருஷத்தில் நாலே தருணம். தம்பி காணாமல்போனது ஆகஸ்ட் தொடக்கம், குடிபெயர்ச்சி நவம்பர் தொடக்கம் என்றால் மூன்று மாதம் கெடு, 18 அத்தியாயத்துக்கு அழகாக விழும்.

காலக் கணக்கில் பேராசை வேண்டாம். அயர்லாந்தில், மாய நாட்டுக்குப் போய்த் திரும்பும் ஓஷீன் என்பவனின் கதையில் 300 ஆண்டு கழிந்துபோகிறது. மண்ணில் கால் பட்டதும் கிழவனாகிறான். பிள்ளைகள் கதையில் அவ்வளவு போனால் அம்மா அப்பா செத்துப்போயிருப்பார்கள், மீட்புக்கே பொருள் இல்லை. உள்ளே ஒரு இரவு, வெளியே ஒரு குளிர்காலம் போதும். முக்கியம், விகிதத்தைக் கதைக்குள் யாரும் எண்ணாகச் சொல்லக் கூடாது. சொன்னால் வாசகர் பென்சில் எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்பார், ஏதாவது ஒரு அத்தியாயத்தில் உதைக்கும்.

ஆந்தைவிழி:
ராணியைக் கொல்லாதீங்க. அவளுக்குத் தோல்வி புரியவே கூடாது, "சரி, வேற குழந்தை" அப்படின்ற முகத்தோட போகணும். அடுத்த வீட்டுத் தொட்டில்ல கத்தரிக்கோல் இருக்கான்னு வாசகர் யோசிக்கட்டும்.

திரும்பி வந்த தம்பி பழைய தம்பி இல்லை. கரும்பலகை சொன்ன கொல்லன் கதையில மீண்டு வந்த பையன் ஒரு வருஷமும் ஒரு நாளும் ஏறக்குறைய பேசாமலே உட்கார்ந்திருப்பான். அப்புறம் ஒருநாள் அப்பா வாள் அடிக்கிறதைப் பார்த்து "அப்படி இல்லை"ன்னு கையில வாங்கி, யாரும் பார்த்திராத வேலைப்பாட்டோட அடிச்சுக் காட்டுவான். கடைசி அத்தியாயத்துக்கு இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு, நாலு வயசுக்கு ஏத்த அளவுல.

வெண்கலம்:
முள்வேலி சொன்ன திருத்தம் சரி, "திட்டமிடாத கொலை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலவறைக்கு ஒரு கேள்வி: ஊர்க்காரர்கள் தேவதைகளை என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்? "தேவதை" என்றே வாய்விட்டுச் சொல்வதாக எழுதியிருந்தால் மாற்றுங்கள். காதில் விழுந்துவிடுமோ என்று அந்த ஊர்களில் "நல்லவர்கள்", "நல்ல அண்டை வீட்டார்" என்று புகழ்ந்துதான் சொல்வார்கள். முதல் ஐந்து அத்தியாயத்தில் "தேவதை" என்ற சொல்லே வராமல் எழுத முடியுமா பாருங்கள்.

நிலவறை:
முதல் ஐந்தில் 23 இடத்தில் இருக்கிறது. எடுத்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்தை இங்கேயே போடுகிறேன், முட்டை ஓட்டுக் காட்சி தனியாக.

சுண்டெலி:
போடுங்க. ராணி பேசுற வரி இருந்தா அதை மட்டும் தடித்த எழுத்துல போடாதீங்க, தயவுசெஞ்சு.